ஏழேகால் பேருந்து

கலந்தாய்வு முடிந்த மாலை
அஸ்தம்பட்டியில் ஒரு கடையில்
பச்சை மைப் பேனா கேட்டேன்.
"ஆபீசரா மேடம்?" என்றவர்
ஒன்று கேட்டதற்கு இரண்டாய்ப் பொட்டலம் கட்டினார்.

பதினோரு வருடம் பென்சிலால் பிழைத்தவள் நான்.
கால அட்டவணைக்காரி.
பதினாறு வகுப்பு, எட்டுப் பாடவேளை,
இருபத்திரண்டு ஆசிரியர்,
அதில் எப்போதும் இரண்டு காலியிடம்.
யாருக்கு மதியத்துக்குமேல் தலைவலி வரும்,
வெள்ளி கடைசிப் பீரியடில்
யாருடைய ஒரு கால் பேருந்துப் படியில் இருக்கும்,
எல்லாம் அறியும் என் ரப்பர்.
தப்பென்றால் அழித்து ஊதுவேன்.
தூள் பறந்துவிடும்.

பச்சை அழியாது.
அதில் நான் போட்ட முதல் கையெழுத்து
ஒரு மாற்றுச் சான்றிதழ்.
பத்தாம் வகுப்புப் பெண், திருப்பூர் மில்லுக்கு.
கீழே இறங்கும் வண்டிக்கு நேரமாகிறதென்று
அவள் அப்பா வாசலைப் பார்த்தபடியே நின்றார்.
ஒரு மணிநேரம் பேசிப் பார்த்தேன் என்று எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

சமவெளியில் நான்கு பள்ளிகள் காலியிருந்தும்
பெரிய சார் ஓய்வு பெற்ற இதே இடத்தை ஏன் எடுத்தேன் என்று
வீட்டில் கேட்டார்கள்.
பழகிய பேருந்து என்றேன்.

அதே ஏழேகால். அதே இருபது வளைவு.
ஜன்னலோரம் எனக்குக் கைக்குட்டை போட்டு வைப்பாள் ஜெசிந்தா.
அடிவாரம் தாண்டியதும் தொடங்குவோம்,
வளைவுக்கு ஒரு புகார்.
ஒன்பது பத்தானால் பெரிய சார்
பதிவேட்டை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வதை
ஒருத்தி நடித்துக் காட்டுவாள்.
அதிகம் சிரித்தவள் நான்தான்.

இப்போது நான் ஏறியதும்
கொய்யா என்ன விலை என்று பேசிக்கொள்கிறார்கள்.
கைக்குட்டை மட்டும் இருக்கிறது, மடித்தபடி.

மார்கழியில் ஒருநாள், பதினான்காம் வளைவில்
வண்டி புகைந்து நின்றது.
மூடுபனிக்குள் ஒன்பது ஆசிரியர்கள், பத்தாவதாய் நான்.
குரங்கு ஒன்று யாருடைய சாப்பாட்டுப் பையையோ
கொண்டு போனதற்கு
எல்லோரும் சேர்ந்து சிரித்தோம், பழையபடி.
பள்ளிக்குள் நுழைகையில் ஒன்பது நாற்பது.

மேசைமேல் பதிவேடு.
"சிவப்புப் பேனா தரட்டுங்களா?" என்றார்
எழுத்தர் செங்கோடன். அவர் எதையும் பார்க்கவில்லை,
ஜன்னலைத் தவிர.

ஒன்பது கட்டத்தில் ஒன்பது 'தா'.
ஜெசிந்தாவின் கட்டத்தில் கை தயங்கியது,
மை தேங்கிப் பரவியது.
பார்ப்பவர்களுக்கு
அவளுக்கு மட்டும் அழுத்திப் போட்டதாய்த் தெரியும்.
முதல் வரியில் என் பெயர். அங்கும் ஒன்று.
அதை யாரும் கவனித்ததாய்த் தெரியவில்லை.

மதியம் தேநீர் டம்ளரோடு
ஆசிரியர் அறைக்குப் போனேன்.
நாற்காலிகள் கிறீச்சிட்டன.
பதினோரு வருடத்தில் எனக்காக
யாரும் எழுந்ததில்லை.
"உட்காருங்க" என்றேன்.
அதுவும் உத்தரவாகவே கேட்டது.

தை கடைசியில்
காப்பிப் பழம் பறித்து முடித்த பிள்ளைகள்
ஒவ்வொருவராய்த் திரும்பினார்கள்,
விரல்நுனிக் கறையோடு.
அன்று ஜெசிந்தா தற்செயல் விடுப்பு.
நான்காம் பாடவேளை, ஒன்பது 'ஆ',
பதிலிக்கு ஆளில்லை.
சாக்பீசை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

குவிலென்ஸ்.
காகிதத்தைச் சுட்டுக் காட்ட வெயில் இல்லை.
சில்வர் ஓக் மரங்களுக்கிடையே
வெள்ளையாய் ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது.
கதிர்களைக் கோடுகளாய் வரைந்தேன்.
எல்லாம் ஒரு புள்ளிக்கு வந்து சேரும் என்றேன்.

கடைசி பெஞ்சில் எழுந்தான்
செம்மநத்தத்துச் சேர்வராயன்,
மூன்று மாதமாய் வராதவன்.
"டீச்சர், பெரிய சார் ரூம்ல யாருமே இல்லயே,
வரலையா?"

வகுப்பு கொல்லென்றது.
முன்னாலிருந்தவன் திரும்பி அவன் சட்டையை இழுத்தான்.
என் விரல்களில் சுண்ணாம்புத் தூள்,
ஊதினால் போய்விடும்.

"இன்னும் வந்து சேரலப்பா," என்றேன்.
"நீ லென்ஸைப் பாரு."